கொரோலா 110: பியூஸ், ரிலே, ஈ.சி.யூ எல்லாம் எங்கே இருக்கு? மழை நாளில் என்ஜின் நிற்குது

தலவாக்கலை_110 கேட்டது:

அண்ணன்மாருக்கு வணக்கம். வாகனம் டொயோட்டா கொரோலா 110, 5ஏ-எப்.ஈ என்ஜின், மேனுவல் கியர். பிரச்சினை இரண்டு.

ஒன்று, மீட்டரில் பெற்றோல் முள்ளும் ஹீட் முள்ளும் ஓடும்போதே விழுந்துவிடுகின்றன. பியூஸ் மாற்றினால் சரியாகும், பிறகு மறுபடியும் போகும்.

மற்றது, இரவு முழுக்க மழை பெய்தால் விடியற்காலை என்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. ஏற்றத்தில் நின்றும் போகிறது. செக் என்ஜின் லைட் எரிந்து எரிந்து அணைகிறது. ஈ.சி.யூ (என்ஜின் கம்பியூட்டர்) போய்விட்டது, வேறு போட வேண்டும் என்று சொல்கிறார்கள்.

பியூஸ் பெட்டி மூடியில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. எத்தனை பியூஸ் பெட்டி இருக்கிறது, ஈ.சி.யூ எங்கே இருக்கிறது, எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

ஹட்டன்_வயரிங் எழுதியது:

தம்பி, ஈ.சி.யூவை இப்போதைக்கு விடுங்க. டொயோட்டாவில் அது கடைசியாகத்தான் போகும். அதுக்கு வர்ற கரண்ட், எர்த் (பெட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற வழி), சென்சர் வயர், இந்த மூன்றும்தான் முதல்ல போகும். மலைநாட்டு வாகனத்தில் இன்னும் இரண்டைச் சேர்த்துக்குங்க: தண்ணி, எலி.

உங்க காரில் பியூஸ் இரண்டு இடத்தில் இருக்கு. பொனட்டுக்குள்ளே பெட்டரிக்குப் பக்கத்தில் மூடி போட்ட கறுப்புப் பெட்டி ஒன்று. உள்ளே டிரைவர் பக்கம், டெஷ்போர்டுக்குக் கீழே வலது முழங்கால் வர்ற இடத்தில் இன்னொன்று. ரிலேக்கள் (கரண்டால் இயங்குற ஸ்விச்) பாதி பொனட் பெட்டியில், மீதி டெஷ்போர்டுக்குள்ளே.

பொனட் பெட்டியில் இருக்கிறது பெரிய வேலைக்காரர்கள்: ஹெட்லைட் இடம் வலம், ஹசார்ட்-ஹோர்ன், டோம், ஈ.எப்.ஐ (பெற்றோல் இன்ஜெக்சன்) 15 அம்பியர், ரேடியேட்டர் பேன், ஏ.எம்.2 (சாவி ஸ்விச்சுக்குப் போறது). பெட்டரியைச் சார்ஜ் பண்ற ஒல்டர்நேட்டருக்குப் போற 100 அம்பியர் லிங்கும் (பெரிய பியூஸ்) அங்கேதான். அது போல்ட் போட்டு இறுக்கினது. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா பெட்டியே உடையும். பெட்டரியை மாற்றிக் கொடுத்தா ஒரு நொடியில் போறது அந்த லிங்க்தான். ஜம்ப் ஸ்டார்ட் எடுத்த பிறகு சார்ஜ் ஏறலைன்னா அதை முதல்ல பாருங்க.

உள்பெட்டியில் இருக்கிறது கேஜ், ஸ்டொப், டெயில், வைப்பர், டர்ன், சிகரெட் லைட்டர்-ரேடியோ, ஐ.ஜி.என் (இக்னிஷன்) மாதிரி சின்னது. எழுத்து அழிஞ்சாலும் நிறம் சொல்லும்: 7.5 மண்ணிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஆனா ஏற்கனவே யாராவது தப்பாகப் போட்டிருந்தா நிறத்தையும் நம்ப முடியாது. சேஸி நம்பரைச் சொல்லி அதே மொடலின் மூடிப் படத்தைத் தேடி எடுத்து, பிரின்ட் அடிச்சு மூடிக்குள்ளே ஒட்டிடுங்க.

பியூஸைக் கழற்றாமலே பார்க்கலாம். டெஸ்ட் லாம்ப்னா முனையில் ஊசியும் வயரில் கிளிப்பும் உள்ள பல்ப்; அதன் கிளிப்பை வாகனப் பொடியில் பெயின்ட் இல்லாத போல்டில் மாட்டுங்க. சாவியை ஓனில் வையுங்க. பியூஸ் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், இரண்டையும் தொட்டுப் பாருங்க. இரண்டிலும் எரிஞ்சா நல்லது. ஒன்றில் மட்டும் எரிஞ்சா பியூஸ் போயிட்டுது. இரண்டிலும் எரியலைன்னா பியூஸ் மேல குற்றமில்லை, அந்தப் பெட்டிக்கே கரண்ட் வரலை. கண்ணால பார்த்து மட்டும் முடிவெடுக்காதீங்க. மயிரிழை வெடிப்பு தெரியாது, காலில் பச்சை பூத்ததும் மேலே இருந்து தெரியாது.

இனி உங்க முள் விழுற கதை. அது கேஜ் பியூஸ், 10 அம்பியர். அந்த ஒரு பியூஸில் மீட்டர் மட்டும் இல்லை, ரிவர்ஸ் லைட்டும் சார்ஜ் லைட்டும் அதில்தான் தொங்குது. பல டொயோட்டாவில் ஒல்டர்நேட்டர் ரெகுலேட்டருக்குப் போற கரண்டும் அதே வழிதான். அதனால அந்த பியூஸ் போன நிலையில் தூரம் ஓடினா, பெட்டரி இறங்கி என்ஜினே நிற்கலாம். உங்க இரண்டு பிரச்சினையும் இங்கேயே சேருதான்னு பாருங்க. முள் விழுந்த நேரத்தில் பெட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்து, என்ஜின் ஓட 13.5 வோல்ட்டுக்கு மேலே நிற்குதா, 12.5க்குக் கீழே இறங்கிட்டே போகுதான்னு பாருங்க.

எந்த நேரத்தில் பியூஸ் போகுதுன்னு கவனிச்சுச் சொல்லுங்க. சாவி போட்ட உடனேயா, ஓடும்போதா, ரிவர்ஸ் போடும்போதா? 10 போகுதேன்னு 20 போட்டுடாதீங்க. செப்புக் கம்பி சுற்றுறதும் சிகரெட் பேப்பர் சுற்றுறதும் வேண்டவே வேண்டாம். பியூஸ் தாங்கினா வயர்தான் எரியும், அது டெஷ்போர்டுக்குள்ளே எரியும்.

தலவாக்கலை_110:

நன்றி அண்ணே. கவனித்துப் பார்த்தேன். ரிவர்ஸ் போடும்போதுதான் போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் இல்லை. பியூஸ் நல்லாயிருக்கும்போது 14.1 வோல்ட் காட்டுகிறது. மழைக் குலுக்கல் பியூஸ் நல்லாயிருக்கும்போதும் வருகிறது. இடது பக்க கார்ப்பட்டைத் தூக்கினால் அடியில் ஈரம்.

ஹட்டன்_வயரிங்:

அப்போ இரண்டும் வேற வேற. ரிவர்ஸில் போகுதுன்னா ஷோர்ட் (கரண்ட் வயர் எர்த்தில் முட்டுறது) ரிவர்ஸ் ஸ்விச்சுக்கு அப்பால் இருக்கு. தேட வேண்டிய தூரம் பாதியாகக் குறைஞ்சுட்டுது.

பியூஸ் மேல பியூஸ் போட்டுத் தேடாதீங்க. கேஜ் பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு துளைக்கும் நடுவில் 21 வொட் பிரேக் லைட் பல்ப் ஒன்றை வயர் போட்டு மாட்டுங்க. சாவி ஓன், என்ஜின் ஓப். மீட்டருக்குப் போற கரண்டில் பல்ப் மங்கலா எரியலாம், அது சரி. ரிவர்ஸ் போடுங்க. பின் லைட் பல்ப் இரண்டும் சேர்றதால கொஞ்சம் கூடும். ஷோர்ட் இருந்தா பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். எவ்வளவு ஷோர்ட் ஆனாலும் பல்ப் வழியா இரண்டு அம்பியருக்குக் கிட்டத்தான் போகும், வயர் சுடாது. அப்படியே எரிய விட்டுட்டு ஹார்னஸை (வயர்க் கட்டை) பிடிச்சு ஆட்டிட்டே போங்க. ஆட்டும்போது எந்த இடத்தில் வெளிச்சம் மாறுதோ அங்கேதான் இருக்கு.

பார்க்க வேண்டிய ஒழுங்கு: கியர்பொக்ஸ் மேல இருக்கிற ரிவர்ஸ் ஸ்விச் கொனெக்டர், அதுக்குப் பக்கத்தில் ஹார்னஸ் உலோகத்தில் உராயுற இடம், டோர் படிக்குக் கீழே கார்ப்பட்டுக்குள்ளே போற ஹார்னஸ், டிக்கிக்குள்ளே பின் லைட் சொக்கட். மூடியில் லைட் இருந்தா கீல் பக்கம் வளையுற இடத்தை விட்டுடாதீங்க. திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே செப்பு வெளியில் வந்திருக்கும். ரிவர்ஸ் சென்சர் கெமரா ஏதாவது பிறகு பூட்டியிருந்தா முதல்ல அதைத்தான் பாருங்க, பெரும்பாலும் ரிவர்ஸ் லைட் வயரில்தான் கடிச்சிருப்பாங்க.

வயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீங்க. நம்ம ஊர் மூடுபனியில் டேப் ஒரு மழைக்காலம் தாங்காது. தண்ணி உறைக்குள்ளே செப்பு வழியா ஊர்ந்து ஒரு அடி தூரம் கறுப்பாக்கும். வெட்டிப் பார்த்து, பளபளன்னு செப்பு தெரியுற இடம் வரைக்கும் எடுத்துட்டு, அதே தடிப்பு வயர் சேர்த்து ஈயம் வைத்து, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினா சுருங்குற குழாய்) போடுங்க.

ஈரக் கார்ப்பட் பற்றி மற்றவங்க சொல்லட்டும்.

பண்டாரவளை_பாஸ் எழுதியது:

ஈரக் கார்ப்பட் என்றதும் சொல்ல வேண்டியது இது. வலது ஸ்டியரிங் வாகனத்தில் ஹீட்டர் புளோவர் பெட்டி இடது பக்கம், கிளவ் பொக்ஸுக்குப் பின்னால். விண்ட்ஸ்கிரீனுக்குக் கீழே வைப்பர் இருக்கும் பிளாஸ்டிக் கிறில் வழியாக அதற்குக் காற்று வருகிறது. சபுக்கு மரத்தடியில் நிற்கும் வாகனத்தில் இலை அந்தக் கிறிலுக்குள் இறங்கி மக்கி, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைத்துவிடும். மழைநீர் தொட்டிபோல் நிறைந்து புளோவர் வழியாக உள்ளே வழியும். கிளவ் பொக்ஸ் பக்கம் இருக்கும் எல்லாக் கொனெக்டருக்கும் அதுதான் எமன்.

ஈ.சி.யூ இந்தத் தலைமுறை கொரோலாக்களில் இரண்டு இடத்தில் ஒன்றில் இருக்கும்: கிளவ் பொக்ஸுக்குப் பின்னால், அல்லது ரேடியோவுக்குக் கீழே நடுக் கொன்சோலுக்கு முன்னால் பயர்வோல் (என்ஜினுக்கும் உட்பகுதிக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர்) பக்கம். ஊகிக்கத் தேவையில்லை. பொனட்டுக்குள் இன்ஜெக்டரிலிருந்து வரும் தடித்த ஹார்னஸ் எந்த ரப்பர் வழியாக பயர்வோலைத் துளைக்கிறது என்று பாருங்கள். உள்ளே அதே ரப்பரைப் பிடித்து வயரோடு போனால் கடைசியில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டியில் போய் நிற்கும். மேலே 89661 என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் அதுதான் என்ஜின் கம்பியூட்டர். வேறு இலக்கம் என்றால் வேறு கம்பியூட்டர். எந்தப் பழைய வாகனத்திலும் இப்படித் தேடினால் போதும்.

கை வைப்பதற்கு முன்: சாவியை எடுத்து, பெட்டரி நெகட்டிவைக் கழற்றி, எயார்பேக் உள்ள வாகனம் என்றால் குறைந்தது 90 வினாடி பொறுங்கள். எயார்பேக் கம்பியூட்டர் கியர் லீவருக்கு முன்னால் தரையில் இருக்கும். மஞ்சள் கொனெக்டர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் கழற்ற வேண்டாம். டெஸ்ட் லாம்பையோ மீட்டரையோ அதில் வைக்கவே கூடாது. மீட்டரின் சின்னக் கரண்டே பலூனை வெடிக்க வைக்கப் போதும் என்ற அளவில் எச்சரிக்கையாக இருங்கள்.

கொனெக்டரைக் கழற்றும்போது பூட்டை அழுத்தி உடலைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல. பின்னில் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கொன்டாக்ட் கிளீனர், பழைய டூத்பிரஷ், பிறகு நன்றாக உலர விட வேண்டும். ஈ.சி.யூ பெட்டிக்குள்ளேயே தண்ணீர் போயிருந்தால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பலகையை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் கழுவி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் ஹீட் கன்னிலும் வேண்டாம். ஈரத்தோடு சாவியைப் போடுவதுதான் நல்ல ஈ.சி.யூவைக் கொல்லும்.

ஏ.சி உள்ள வாகனம் என்றால் குளிரூட்டிப் பெட்டியின் வடிகால் குழாயும் அடைபட்டிருக்கலாம். ஏ.சி போட்டு ஓடிய பிறகு வாகனத்துக்கு அடியில் சொட்டுகிறதா பாருங்கள். வெளியே சொட்டவில்லை என்றால் உள்ளேதான் சொட்டுகிறது. நம் குளிரில் ஏ.சி அதிகம் போடுவதில்லை, ஆனாலும் கண்ணாடி மூடுபனியை எடுக்கப் பலர் போடுவார்கள்.

நுவரெலியா_5ஏ எழுதியது:

மழையில் குலுங்குகிறது, வெயிலில் சரியாகிறது என்றால், ஈ.சி.யூவைக் குறை சொல்வதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) மூடியைத் திறக்க வேண்டும். 5ஏ-எப்.ஈ இன்னும் மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் பிளக் வயரும் உள்ள என்ஜின். மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் ஈரம் அதில் படிந்து, ஸ்பார்க் அந்த வழியில் ஓடிக் கரிக்கோடு போடும். உலர்ந்ததும் சரியாகிவிடும். இரவு இருட்டில் பொனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே போத்தலால் மூடி, பிளக் வயர் மேல் இலேசாகத் தெளியுங்கள். நீலப் பொறி எங்கே குதிக்கிறதோ அங்கே பழுது. கையை விடாதீர்கள். பிளக் வயர் ஒவ்வொன்றையும் கழற்றி மீட்டரில் வைத்தால் 25 கிலோ ஓமைத் தாண்டக் கூடாது.

அடுத்து, ஈ.சி.யூவிடமே கேளுங்கள். ஸ்கேனர் தேவையில்லை. பொனட்டுக்குள், பெட்டரிப் பக்க ஸ்ட்ரட் டவர் (முன் சஸ்பென்ஷனின் மேல் முனை) அல்லது பயர்வோல் பக்கம், மூடியில் 'டயக்னோசிஸ்' என்று எழுதிய சின்னப் பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கம் எந்தத் துளை எது என்று படம் இருக்கும். டி.ஈ.1, ஈ.1 இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். எண்ணி வைத்துக்கொண்டு மாட்டுங்கள், +பி (பெட்டரி கரண்ட்) துளையை ஈ.1 உடன் சேர்த்துவிட்டால் பியூஸ் போகும். பெட்டரி 11 வோல்ட்டுக்கு மேல், கியர் நியூட்ரல், ஏ.சி ஓப், அக்சலரேட்டரில் கால் வைக்கக் கூடாது. சாவியை ஓனில் மட்டும் வைத்து செக் என்ஜின் லைட்டைப் பாருங்கள்.

நிற்காமல் வேகமாகச் சிமிட்டினால் பதிவில் ஒன்றுமில்லை. பழுது இருந்தால் இரண்டு இலக்கமாகச் சிமிட்டும்: முதல் இலக்கம், ஒன்றரை வினாடி இடைவெளி, இரண்டாம் இலக்கம். அடுத்த கோட் (பழுது இலக்கம்) வருவதற்கு முன் இரண்டரை வினாடி, எல்லாம் முடிந்து திரும்பத் தொடங்குவதற்கு முன் நாலரை. உங்கள் பிரச்சினைக்குத் தேவையானவை: 12, 13 என்ஜின் சுற்றுச் சிக்னல், அதாவது டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வருவது. 14 இக்னிஷன். 21 ஒக்சிஜன் சென்சர். 22 தண்ணீர் வெப்ப சென்சர். 24 காற்று வெப்பம். 31 வெக்யூம் சென்சர், அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்ப்பது. 41 த்ரொட்டில் சென்சர். 42 வேகம். என்ஜின் ஓடாமல் பார்ப்பதால் 43 வந்தால் பயப்பட வேண்டாம், அது ஸ்டார்ட்டர் சிக்னல். ஏ.சி போட்டோ கால் வைத்தோ இருந்தால் 51 வரும்.

எழுதி வைத்துக்கொண்டு, ஈ.எப்.ஐ பியூஸைப் பத்து வினாடிக்கு மேல் கழற்றி அழித்துவிட்டு, மழை நாளில் மறுபடி படியுங்கள். பழைய பதிவையும் புதிய பழுதையும் பிரிக்க இதுதான் வழி. கம்பியை எடுத்துவிட்டே ஓடுங்கள், அது மாட்டியிருந்தால் ஈ.சி.யூ இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை) முன்னே தள்ளாது, ஏற்றத்தில் வண்டி இழுக்காது.

உயரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விடயம். வெக்யூம் சென்சரை வோல்ட் பார்த்துச் சோதிப்பவர்கள் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு நல்ல சென்சரை வீசிவிடுகிறார்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபஸ்கால், நுவரெலியாவில் 80ஐ ஒட்டித்தான் இருக்கும். சாவி ஓன், என்ஜின் ஓப் நிலையில் சென்சர் கொழும்பில் காட்டுவதைவிட இங்கே குறைவாகக் காட்டுவது சரியான நடத்தை. சென்சரை விட அதற்குப் போகும் சின்ன ரப்பர் குழாய்தான் வெடித்திருக்கும். வளைத்துப் பாருங்கள்.

தலவாக்கலை_110:

கோட் 22 மட்டும் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒரு கரிக்கோடு இருக்கிறது. கிறிலைக் கழற்றினால் இரண்டு கைப்பிடி மக்கிய இலை. தண்ணீர் சென்சரை மாற்றிவிடவா?

நுவரெலியா_5ஏ:

மூடியையும் ரோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல. சென்சரை இன்னும் வாங்க வேண்டாம். கொனெக்டரைக் கழற்றி சென்சரின் இரண்டு காலிலும் ஓம் பாருங்கள். 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம். என்ஜின் சூடேறி 80 பாகையில் 200 முதல் 400 ஓம். உங்கள் ஊரில் விடியற்காலைக் குளிரில் 3 கிலோவுக்கு மேலே காட்டினால் அது பழுது அல்ல.

எண் சரியாக இருந்தால் சென்சர் நல்லது, வயரோ எர்த்தோ பழுது. சென்சர்களுக்கான எர்த் ஈ.சி.யூ வழியாகப் போகிறது, ஈ.சி.யூவின் எர்த் வயர்கள் இன்டேக் மெனிபோல்டில் ஒரு போல்டில் வந்து முடிகின்றன. பழைய வாகனத்தில் அதன் அடியில் வெள்ளைப் பூப்பு. கழற்றி, எமரி பேப்பரால் இரு பக்கமும் தேய்த்து இறுக்குங்கள். பெட்டரியிலிருந்து கியர்பொக்ஸுக்கும் பொடிக்கும் போகும் தடித்த எர்த்தையும் அப்படியே. பிறகு என்ஜின் ஓட, ஹெட்லைட், புளோவர் எல்லாம் போட்டு, மீட்டரின் ஒரு முனையை பெட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை அந்த மெனிபோல்ட் போல்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்டார்ட் அடிக்கும்போது 0.2க்குள் நிற்க வேண்டும்.

எர்த் சரி, சென்சர் சரி என்றால் சென்சர் கொனெக்டரிலிருந்து வயரைப் பிடித்துப் போங்கள். எலி கடிப்பது பெரும்பாலும் சூடு நிற்கும் இடத்தில், மெனிபோல்டுக்கு அடியிலும் பெட்டரித் தட்டுக்கு அடியிலும். தேயிலைக்கு நடுவே நிறுத்தும் வாகனங்களில் பியூஸ் பெட்டிக்குள்ளேயே கூடு கட்டும். அந்தக் கிறிலுக்குள் ஒரு துண்டு கம்பி வலை வெட்டிப் போட்டால் இலைக்கும் எலிக்கும் ஒன்றாகவே கதவு அடைபடும்.

கம்பளை_சன்னி எழுதியது:

நிசான் எப்.பி14 வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து: அதில் ஈ.சி.யூ நடுவில், ரேடியோவுக்குக் கீழே கொன்சோலுக்குப் பின்னால். பக்கத்துப் பிளாஸ்டிக்கைக் கழற்றினால் தெரியும். பெட்டியின் பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று உண்டு, சாவி ஓனில் அதை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி இரண்டு வினாடிக்கு மேல் வைத்து, மறுபடி எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பினால் கோட் சிமிட்டும். 55 என்றால் பழுது இல்லை. ஸ்க்ரூவை அழுத்தித் திருகினால் உடைந்துவிடும். 1990களின் தொடக்க மிட்சுபிஷிகள் வேறு கதை, அவற்றில் ஈ.சி.யூவுக்குள்ளே கப்பாசிட்டர் கசிந்து பலகையைத் தின்னும். மீன் நாற்றம் வந்தால் திறந்து பாருங்கள். அங்கே மட்டும் ஈ.சி.யூவை முதலில் சந்தேகப்படலாம்.

தலவாக்கலை_110:

மூடி, ரோட்டர் போட்டு எர்த் தேய்த்தேன். எர்த் 0.04 காட்டுகிறது, 22 மறுபடி வரவில்லை. ரிவர்ஸ் ஷோர்ட் பின் பம்பர் சென்சருக்கு எடுத்த வயரில் இருந்தது. கடைசியாக ஒன்று: என்றாவது ஈ.சி.யூ மாற்ற வேண்டி வந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எதைப் பார்த்து வாங்குவது?

ஹட்டன்_வயரிங்:

உங்க பெட்டி மேல இருக்கிற 89661 இலக்கத்தை, நடுவில் இருக்கிற சின்னக் கோட்டுக்குப் பின்னால வர்ற ஐந்து எழுத்தோடு சேர்த்துப் படம் எடுத்துப் போங்க. அது முழுக்க ஒத்துப்போகணும். "110க்குச் சரி" என்ற வார்த்தையை வாங்காதீங்க. ஓட்டோ கியர் வண்டியின் பெட்டியை மேனுவலுக்குப் போட்டா கொனெக்டர் பொருந்தும், வேலை பொருந்தாது. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. பலகையில் கறுப்புத் தடம், பச்சைப் பூப்பு, யாரோ ஈயம் வைத்த இடம் இருந்தா வேண்டாம். போட்டுப் பார்த்துத் திருப்பித் தரும் தவணையை பில்லில் எழுதி வாங்குங்க.

சென்சர் வயரை அந்த ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து எடுத்துட்டு, தனியா 3 அம்பியர் பியூஸ் ஒன்றை நடுவில் போட்டு மறுபடி கொடுங்க. அடுத்த தடவை தண்ணி இறங்கினா சென்சர் மட்டும் நிற்கும், மீட்டர் முள் விழாது.